அது வெற்றி உரை அல்ல

‘ஆம், நம்மால் முடியும்’ என்பது ஒபாமா வெற்றிக் களிப்பில் தன்னையறியாமல் உதிர்த்த வாசகம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. 2008 ஜனவரி 8 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் ஹிலாரி கிளிண்டனிடம் அவர் தோற்ற இரவில் ஆற்றிய உரை அது. வாசகமும் புதிதல்ல; 2004 செனட் தேர்தலிலேயே அவர் பயன்படுத்தியது. 1972 முதல் அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தினர் இதே பொருளில் ஸ்பானிய மொழியில் முழங்கி வந்தார்கள்.

அந்த உரையின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். நாட்டை நிறுவிய ஆவணங்கள், விடுதலைக்கு ஏங்கிய அடிமைகள், குடியேறிகள், வாக்குரிமை கேட்ட பெண்கள் என ஒவ்வொரு காட்சியும் அதே வாசகத்தில் முடிகிறது. கறுப்பின தேவாலயங்களில் போதகர் சொல்ல, சபையார் பதில் சொல்லும் மரபு அதில் அப்படியே இருக்கிறது. கூட்டமும் சேர்ந்து முழங்கியது. திட்டமிட்டு அமைத்த உரையைத் தற்செயல் என்பது, அதை எழுதிய உழைப்பையே மறைத்துவிடுகிறது.