ஆயிரம் ரூபாய் வந்து சேரும் வரைக்கும் சோறு யார் போடுவது?

"அதான் மாசாமாசம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறாங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறவர்களுக்காக.

கல்லூரி போகும் பெண்பிள்ளைகளுக்கு அரசு மாத உதவித்தொகை தரும் புதுமைப் பெண் 2022 செப்டம்பரில் வந்தது, பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில். நல்ல திட்டங்கள், மறுப்பே இல்லை. ஆனால் முதலாமாண்டு பிள்ளைக்கு விண்ணப்பம், எமிஸ் எண் (பள்ளியில் கொடுத்த மாணவர் அடையாள எண்), வங்கிக் கணக்கு எல்லாம் சரியாகிப் பணம் ஏறுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதுவரை, பந்தலூரிலிருந்து உதகை வந்து அறை எடுத்திருக்கும் பிள்ளையைக் காப்பாற்றுவது மனிதர்கள்தான்: சீனியர் அக்காவின் குக்கர், மளிகைக்கடைப் பற்று நோட்டு, அம்மாவின் மகளிர் குழுக் கடன், எஸ்டேட் லைனில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) பக்கத்து வீட்டுக் கைமாற்று.

குக்கரைச் சும்மா சொல்லவில்லை. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, கேஸ்தான் தீரும். குளிக்க வெந்நீரும் அதே 5 கிலோ சிலிண்டரில். நாலு பேர் ஒரே குக்கரில் பொங்கினால்தான் கட்டுப்படியாகும்.

பணம் வராததற்கு அடிக்கடி காணும் காரணம் ஒன்று. வங்கியில் "ஆதார் இணைச்சாச்சு" என்பார்கள், அது கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பது மட்டும். அரசுப் பணம் ஏற என்பிசிஐ மேப்பிங் தனியாக வேண்டும்: இந்த ஆதாருக்கு வரும் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்கிற பதிவு அது. கடைசியாக மேப் ஆன கணக்குக்கே பணம் போகும். பள்ளியில் திறந்து மறந்த கணக்கில் பணம் கிடப்பதும் உண்டு. ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும். ஆதாரில் அப்பாவின் பழைய செல் நம்பர் இருந்தால் ஓடிபி வராது, முதலில் அதை மாற்ற வேண்டும். இதற்குப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்கார ஓர் ஆள் இருந்தால் போதும்.

அரசின் பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் சாப்பாடும் தங்கலும் இலவசம். ஆனால் பையன்களுக்கு வீடு கல்லூரியிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். சமவெளிக் கணக்கு இது! இங்கே ஏழு கிலோமீட்டர் என்றால் கொண்டை ஊசி வளைவு, மழையில் மண்சரிவு, தவறவிட்டால் அடுத்து வராத பஸ்.

உதவ நினைப்பவர்கள் ஜூன், ஜூலையில் கொடுங்கள். நோட்டுப் புத்தகமும் போட்டோவும் வேண்டாம். பழைய மாணவர்கள் பத்துப் பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டால், ஐந்து பேருக்குத் தலா இரண்டாயிரம் முன்பணம். உதவித்தொகை ஏறியதும் திருப்பித் தரட்டும், அடுத்த ஆண்டுப் பிள்ளைக்கு ஆகும். வருமானச் சான்று கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். மத்தியானம் யார் சாப்பிடாமல் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நூலகருக்கும் அட்டெண்டருக்கும் தெரியும், அவர்களைக் கேளுங்கள்.

ஏப்ரல், மே இன்னொரு இக்கட்டு. செமஸ்டர் பரீட்சையும் சீசனும் ஒன்றாக வரும். சுற்றுலாக்காரருக்கு விட்டால் ஒரு நாளில் கிடைக்கும் காசைப் பார்க்கும் வீட்டுக்காரர் அறையைக் காலி பண்ணச் சொல்வார். உள்ளூரில் வீடு வைத்திருப்பவர்கள் அந்த ஆறு வாரத்துக்கு ஒரு மூலை கொடுத்தாலே பெரிய உபகாரம்.

ஸ்வெட்டர், கம்பளி கொடுப்பதானால் நவம்பருக்குள் கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்குக் கொண்டுவந்தால் பாதிப் பனிக்காலம் போயிருக்கும்.