வினாடி வினா நடத்தப்போகும் தம்பி தங்கைகளுக்கு

கல்லூரி விழாவில் பொது அறிவு வினாடி வினா நடத்தப்போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேள்விகளைப் போட்டித் தேர்வு கைடிலிருந்தோ கூகுளில் கிடைக்கும் 'முக்கிய 100 கேள்விகள்' பட்டியலிலிருந்தோ எடுக்காதீர்கள். உட்கார்ந்து நீங்களே தயாரியுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் போட்டிகளுக்குப் பார்வையாளனாகவும் நடுவராகவும் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சமீபத்தில் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இறுதிச் சுற்று பார்த்தேன். மேடை, பஸ்ஸர், பெரிய திரை எல்லாம் பிரமாதம். கேள்விகளில்தான் உயிரே இல்லை. எந்த நாட்டுக்கு எது தலைநகர், எந்த விருது எந்த வருடம் யாருக்கு. தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். தெரியாதவர் மணி அடிக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான். கொஞ்ச நேரத்தில் அரங்கில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் செல்போனுக்குள் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நல்ல கேள்வி, பதில் தெரியாதவனையும் யோசிக்க வைக்கும். "கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையின் உயரம் என்ன?" என்று கேட்டால் 133 அடி என்று யாராவது சொல்வார், அத்தோடு முடிந்தது. அதையே, "133 அடியில் பீடம் மட்டும் 38 அடி. ஏன் 38?" என்று கேட்டுப் பாருங்கள். திருக்குறளுக்கு 133 அதிகாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இழையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பாலுக்கு எத்தனை அதிகாரம் என்று அணியில் இருக்கும் இரண்டு பேரும் காதோடு காது பேசி, அறத்துப்பாலுக்கு 38 என்று எட்டிப் பிடிப்பார்கள். அறத்தைப் பீடமாக வைத்து அதன்மேல் பொருளும் இன்பமுமாக 95 அடிச் சிலையை கணபதி ஸ்தபதி நிறுத்தியிருக்கிறார் என்பது விளங்கும்போது, போட்டியில் இல்லாதவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இன்னொன்று. "மணவாளக்குறிச்சி கடற்கரை மணலுக்கும் தர்ஸ்டே என்ற கிழமைப் பெயருக்கும் என்ன தொடர்பு?" முதலில் எல்லோரும் முழிப்பார்கள். வேதியியல் படிக்கும் பிள்ளைக்கு மணலில் மோனசைட் என்ற கனிமம், மோனசைட்டில் தோரியம் என்ற தனிமம் என்பது வரை தெரியும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை மார்வெல் படம் பார்த்தவளாக இருப்பாள். தோர் என்ற வடதேசத்துக் கடவுளின் பெயர்தான் அந்தத் தனிமத்துக்கும், அந்தக் கிழமைக்கும். பாடப்புத்தகமும் சினிமாவும் நம் கடற்கரையும் ஒரே பதிலில் வந்து சேருகின்றன. இரண்டு பேரை ஓர் அணியாக உட்கார வைப்பது இதற்குத்தானே!

"ஊர்க் கேள்வியாகக் கேட்டால் திருநெல்வேலியிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வரும் அணிகளுக்கு அநியாயம் இல்லையா சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் குறிப்பைக் கேள்விக்குள்ளேயே வைக்கச் சொல்கிறேன். "புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் யாருடைய கல்லறை இருக்கிறது?" என்றால் அது உள்ளூர்க்காரருக்கு மட்டும்தான். "1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி, பிறகு அவருடைய படைக்கே தளபதியானார். இங்கே ஒரு கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கும் அவர் யார்?" என்றால், வரலாறு படித்த எவரும் டிலனாய் என்று சொல்லலாம். சொல்ல முடியாதவருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு கதை கிடைக்கும்.

மொழி விஷயமும் இருக்கிறது. கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் திரையில் போடுங்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் பதில் தெரிந்தும், நீளமான ஆங்கிலக் கேள்வி புரிவதற்குள் வாய்ப்பை இழப்பதைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை. நாம் சோதிக்க வந்தது அவர்களுடைய ஆங்கிலத்தை இல்லையே.

அப்புறம், முதலில் பொத்தானை அழுத்துபவர் பதில் சொல்லும் பஸ்ஸர் சுற்று ஒன்று போதும். மற்ற சுற்றுகளில், ஒரு கேள்விக்குப் பதில் சொன்ன அணிக்கு அடுத்த அணியிலிருந்து அடுத்த கேள்வியைத் தொடங்குங்கள். எங்கே உட்கார்ந்தோம் என்பதால் வரும் அதிர்ஷ்டம் அதில் பெருமளவு குறையும். இறுதிச் சுற்றுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்க வைக்கும் எழுத்துத் தேர்வின்போது செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள், இதில் தயவு தாட்சண்யமே வேண்டாம்.

கேள்விகள் தயாரானதும் வினாடி வினா பக்கமே போகாத ஒரு நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். பதிலைச் சொன்னதும் "அட, எனக்கே தோணியிருக்கணுமே" என்று அவர் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். "ஓ, அப்படியா" என்றால் தூக்கிவிடுங்கள். சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் உள்பெட்டியில் அனுப்புங்கள், கட்டாயம் பார்த்துத் தருகிறேன்.