மூன்றாம் வாரத்தில் வர வேண்டிய உதவி

மலேசியாவின் பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில், காணொளி விளையாட்டுகளில் கதை சொல்லும் கலையைச் சில ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். 14 வாரப் பருவத்தின் முடிவில் ஒவ்வொரு மாணவரும் எழுத்து, ஓவியம், ஒலி, காணொளி ஆகியவற்றை இணைத்து, ஆடிப் பார்க்கத்தக்க ஒரு சிறு விளையாட்டை ஒப்படைக்க வேண்டும். இந்த இடுபணிக்கு என்ன உதவி தேவை என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது உயர்திறன் கணினிகளிலும் மென்பொருள் உரிமங்களிலுமே போய் நிற்கிறது. என் மாணவர்கள் இடறிய இடங்களை எண்ணிப் பார்த்தால், கணினியின் வேகம் போதாமல் இடறியவர் ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. தொடக்க வாரங்களில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆளில்லாமல் தடுமாறியவர்களே அதிகம்.

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபெராங் பிறைப் பக்கத்து ரப்பர் தோட்டக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவர், தம் பாட்டியின் பால்மரக் காட்டு (ரப்பர் தோட்ட) வாழ்க்கையை விளையாட்டாக்க விரும்பினார். ஆறு வாரங்கள் முப்பரிமாண மரங்களைச் செதுக்குவதிலேயே போயின. மரங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அந்தக் காட்டுக்குள் ஆடுபவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. நாங்கள் இருவரும் கணினியை மூடிவிட்டுக் காகித அட்டைகளோடு உட்கார்ந்தோம். பாட்டி என்னதான் சொல்வார் என்று கேட்டபோது, விடியலில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போவது, பால் வடியும் மங்குகளைத் துடைத்து வைப்பது, தோட்டக் கணக்கரான கிராணியின் கணக்கு என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், மழை பெய்தால் அன்று பால்வெட்டும் இல்லை, கூலியும் இல்லை என்று பாட்டி அடிக்கடி சொல்வதைப் போகிற போக்கில் குறிப்பிட்டார். எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். ஒவ்வொரு நாளும் ஓர் அட்டையை எடுக்க வேண்டும். அது மழை அட்டையானால் அன்றைய வரும்படி பூச்சியம். மகளின் பள்ளிச் செலவா, கடைக்காரரின் பாக்கியா என்று ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். வறுமையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், விளையாட்டின் விதியே அதைச் சொல்லிவிட்டது. விளையாட்டுக்கு மட்டுமே கைகூடும் கதைமொழி இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த உரையாடல் ஏழாம் வாரத்தில் நடந்தது. மூன்றாம் வாரத்தில் நடந்திருந்தால் அவருக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அளவைக் குறைத்தால் தரமும் குறையும் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். கோலாலம்பூரில் இயங்கும் கைகன் கேம்ஸ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட சிமுலாக்ரா என்ற விளையாட்டை அவர்களுக்குக் காட்டுவேன். காணாமற்போன ஒரு பெண்ணின் கைப்பேசித் திரைதான் அதன் உலகம். ஆடுபவர் அவளுடைய குறுஞ்செய்திகளையும் படங்களையும் காணொளிகளையும் துழாவி நடந்ததைக் கண்டறிகிறார். காடும் மலையும் இல்லாமலேயே நெஞ்சு படபடக்கிறது. ஆடுபவரின் தெரிவுக்கேற்பப் பிரிந்து செல்லும் கிளைக்கதை எழுத வருபவர்களுக்கு ஒரு கணக்கையும் போட்டுக் காட்டுவேன். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு தெரிவுகளை வைத்து, பிரிந்த கிளைகளை மீண்டும் சேர விடாமல் கொண்டுபோனால், 5 கட்டங்களில் 32 முடிவுகளையும் 10 கட்டங்களில் 1,024 முடிவுகளையும் எழுத வேண்டியிருக்கும். கிளைகளை ஓரிடத்தில் சேர்த்துவிட்டு, ஆடுபவர் முன்பு தேர்ந்ததை மட்டும் நினைவில் வைத்திருந்து பின்னால் ஓர் உரையாடலில் எதிரொலிக்கச் செய்யும் உத்தியை நாம் காட்டித் தராவிட்டால், பாதிப் பேர் ஆறாம் கட்டத்திலேயே களைத்துப் போவார்கள்.

தமிழில் எழுத விரும்பும் மாணவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. இதை நிர்வாகங்கள் அறிவதே இல்லை. கணினிகள் எழுத்துகளைப் பதியும் பொதுக் குறிமுறையான ஒருங்குறியில் (யூனிகோடில்) 'கெ' என்ற எழுத்தின் கொம்பு, ககரத்துக்குப் பின்னால் பதிவாகிறது. அதைத் திரையில் முன்னால் நகர்த்துவது எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. எங்கள் கணினிக்கூடத்தில் உள்ள, விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியின் பதிப்பு அந்த வேலையைச் செய்வதில்லை. 'கொடி' என்று எழுதினால் கொம்பும் காலும் சிதறிக் கிடக்கின்றன. தமக்குத் தமிழ் தட்டச்சு வராததால்தான் இப்படி ஆகிறது என்று எண்ணி, முழுக் கதையையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்ட ஒரு மாணவியை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. உலாவியில் ஓடும் கிளைக்கதைக் கருவியான டுவைனிலோ யூனிட்டியைப் போன்ற கோடோவின் நான்காம் பதிப்பிலோ தமிழ் ஒழுங்காகத் தெரியும், இரண்டும் இலவசம். அதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொல்வதற்குத்தான் அன்று அங்கே ஆளில்லை.

ஒலிப்பதிவிலும் இதே கதைதான். பாட்டியின் குரலை மின்விசிறி சுழலும் அறையில் பதிந்தால் பின்னர் எவ்வளவு முயன்றாலும் இரைச்சல் முழுதாக நீங்காது. நிறுத்திவைத்த காருக்குள் கதவுகளைச் சாத்திவிட்டுக் கைப்பேசியில் பதிந்தாலே கேட்கத்தக்க குரல் கிடைக்கும். கோப்புகளைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைச் சாதாரணமாக ஏற்காது என்பதையும், 4கே தரத்தில் எடுத்த ஒரு நிமிடக் காணொளியே அந்த அளவைத் தாண்டிவிடும் என்பதையும் ஒப்படைக்கும் நாளின் நள்ளிரவில் ஒரு மாணவர் கண்டுபிடிக்கக் கூடாது.

மதிப்பீட்டு முறையையும் மாற்ற வேண்டும். முழு மதிப்பெண்ணும் இறுதி வாரத்தில் குவிந்திருக்கும்வரை யாரும் குறைபட்ட முதல் வடிவத்தைக் காட்டத் துணியமாட்டார்கள். அட்டையிலோ தாளிலோ ஆடிக் காட்டும் முதல் வடிவத்துக்கு மூன்றாம் வாரத்திலேயே 20 மதிப்பெண் கொடுக்கலாம் என்பது என் கருத்து. அது கதையின் தரத்துக்கான மதிப்பெண்ணாக இருக்கக் கூடாது; வேறொருவரை ஆட வைத்து, அவர் எங்கே குழம்பினார் என்று குறித்து வந்தால் அந்த 20 மதிப்பெண்ணையும் முழுமையாகத் தந்துவிட வேண்டும்.

அடுத்த பருவத்துக்கு நான் நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேட்டிருப்பவை இரண்டு: வாரத்தில் இரு நாள் கணினிக்கூடம் இரவு 9 மணிவரை திறந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் ஊதியத்தோடு ஓர் உதவியாளர் அங்கே இருக்க வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை, கோலாலம்பூரிலும் பினாங்கிலும் விளையாட்டு உருவாக்கத்தில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர்கள் மூன்றாம் வாரத்தில் ஒரே ஒரு மாலை வந்து, நான்கு பேரின் அட்டை வடிவங்களை ஆடிப் பார்த்துவிட்டுப் போனால் போதும். வர இயன்றவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பட்டர்வொர்த் நிலையத்துக்கு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.