பாட்டு கேட்க பனையூர் வரை ஓட வேண்டுமா?

சென்னையில் பெரிய கச்சேரி என்றாலே, எப்படி வீடு திரும்புவது என்ற கவலைதான் முதலில் வருகிறது. 2023 செப்டம்பரில் பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிய எத்தனையோ பேர் உள்ளேயே நுழைய முடியாமல் திரும்பினார்கள். பனையூர் இருக்கிற, ரயில் எட்டாத ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) அத்தனை கூட்டத்தைக் கூட்டினால் வேறென்ன ஆகும்?

ஊருக்கு நடுவே, சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரத்தில் நேரு ஸ்டேடியம் இருக்கிறது. ரயில், மெட்ரோ, பஸ் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே மேடை போட்டால் கால்பந்துக்காரர்கள் பதறுவார்கள். நியாயம்தான். லாரி ஏறி, சாரம் நட்டு, ஆயிரக்கணக்கானோர் மிதித்த புல்லில் அடுத்த வாரம் யார் பந்து விளையாடுவது? ஒலியும் சிக்கல்தான். மேடைக்கு எதிர்க் கேலரியில் உட்கார்ந்தால், டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் கான்கிரீட்டில் மோதி இரண்டு முறை கேட்கும்.

லண்டனில் 2019-ல் திறந்த டாட்டன்ஹாம் கால்பந்து ஸ்டேடியத்தில், கச்சேரி என்றால் புல்தரையே மூன்று துண்டாகப் பிரிந்து தெற்கு கேலரிக்கு அடியில் போய்விடும். 2023-ல் பியான்சே அங்கே ஐந்து இரவுகள் பாடினார். அவ்வளவு செலவு நம்மால் முடியாது, சரி. ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கக் கை வைக்கும்போதாவது, புல்லைக் காக்கும் விரிப்பு, லாரிக்குத் தனி வழி, எதிரொலியை அடக்கும் கூரை என்று யோசிக்கக் கூடாதா? இருக்கைக்குப் புது வண்ணம் அடிப்பதோடு நின்றுவிடுகிறோம்.

அப்புறம், புதிதாக வரும் இசைக்குழுக்களுக்கு, 500 பேர் நின்று கேட்கிற மாதிரி, வாடகை கட்டுப்படியாகும் ஒரு கூடமாவது மாநகராட்சி கட்டித் தரட்டும்.