ஷியா ஸ்டேடியத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

2009 ஜூலையில் நியூயார்க்கின் ‘சிட்டி ஃபீல்ட்’ (Citi Field) பேஸ்பால் மைதானத்தில் பால் மெக்கார்ட்னி பாடியதை உங்கள் கட்டுரையில் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பக்கத்திலேயே இருந்த பழைய ஷியா ஸ்டேடியத்துக்கு ஒரே ஒரு வரிதானா? 1965 ஆகஸ்ட் 15 அன்று அவருடைய பீட்டில்ஸ் இசைக்குழு சுமார் 55,000 பேர் முன்னால் பாடியது அங்கேதான். 100 வாட் ஆம்ப்ளிஃபயர், ஆட்டத்துக்கு அறிவிப்பு சொல்கிற மைதான ஒலிபெருக்கி, அவ்வளவுதான் வசதி. ரசிகைகள் போட்ட கூச்சலில் வாசிப்பவர்கள் காதிலேயே பாட்டு விழவில்லையாம்! அன்று 12 பாட்டு, அரை மணி நேரம். 2009-இல், 67 வயதில், மெக்கார்ட்னி ஒரே ராத்திரியில் முப்பதுக்கும் மேல் பாடினார், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. இப்போது ஷியா இருந்த இடம் கார் பார்க்கிங். பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஓடித் தொடுகிற பழைய ‘பேஸ்’கள் இருந்த இடத்தில் மட்டும் தரையில் அடையாளம் பதித்திருக்கிறார்கள். அந்தப் படத்தையாவது போட்டிருக்கலாம்.