ஹூஸ்டனிலும் குழாய் உறையும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) குளிர்காலமே கிடையாது, கோடைதான் கடுமை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சராசரியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஜனவரியில் பகல் 17 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். ஆனால் வடக்கே சமவெளியில் குளிர்க்காற்றைத் தடுக்க மலையே இல்லை. அந்தக் காற்று இறங்கினால் சில மணி நேரத்தில் 10, 15 டிகிரி சரிந்துவிடும். 2021 பிப்ரவரியில் மைனஸ் 10 வரை போனது. அங்கே பல வீடுகளில் தண்ணீர்க் குழாய் கூரைக்கு அடியில், மேல்தட்டில் ஓடுகிறது, வெப்பக்காப்பு குறைவு. உறைந்த பனி குழாயை அடைத்ததும் அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே அழுத்தம் ஏறும், வெடிக்கும். பனி உருகிய பிறகுதான் கசிவே தெரியும், கூரைப் பலகை ஊறித் தொங்கும்போது! அதனால் வெளிக் குழாய்களுக்கு உறை போடுங்கள், உள்ளே மெல்லிய தாரையாகத் தண்ணீர் ஓடட்டும். மின்சாரம் போனால் மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து வடித்துவிடுங்கள்.

கோடையைப் பற்றி அந்தக் கட்டுரையில் எழுதியது சரிதான். 35 டிகிரியைவிட, மெக்ஸிகோ வளைகுடா ஈரத்தால் 24ஐத் தொடும் பனிநிலைதான் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை; அது உயர உயர காற்றில் ஈரம் அதிகம்) ஆளை வாட்டுகிறது. வியர்வை உலராது.