படுக்கையில் பத்துப் பக்கம் படிக்க இவ்வளவு பாடா?

ராத்திரி பத்தரைக்கு மேல் அரை மணி நேரம் படிக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. எங்கள் வீட்டில் ஒரே படுக்கையறை. மனைவி காலை ஐந்து மணிக்கு எழுந்து ஷிப்டுக்குப் போக வேண்டும். மூன்று வயது மகள் என் இடது கையைத் தலையணையாக்கிக்கொண்டால்தான் தூங்குவாள். மிச்சம் இருப்பது ஒரு கை, அதிலும் புத்தகம், கட்டைவிரலால் தள்ளித்தான் பக்கம் திருப்ப வேண்டும். டார்ச் பிடிக்கக் கை எங்கே இருக்கிறது?

சரி என்று தலையில் மாட்டுகிற லைட் ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரே பட்டன். முதல் அமுக்கில் கண் கூசுகிற வெளிச்சம், இரண்டாவதில் அதில் பாதி, மூன்றாவதில் பளிச் பளிச் என்று வெட்டுகிற வெளிச்சம், நான்காவதில்தான் அணையும். அதாவது படித்து முடித்து அணைக்க நினைத்தால் அந்த வெட்டொளியைத் தாண்டியே ஆக வேண்டும். முதல் நாளே மகள் வீறிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள், திரும்பத் தூங்க வைக்க ஒரு மணி ஆனது. இதை வடிவமைத்தவர்கள் யாராவது ஒரு ராத்திரி, தூங்குகிற குழந்தை பக்கத்தில் வைத்து இதை அணைத்துப் பார்த்திருப்பார்களா?

அப்புறம் புத்தகத்தில் மாட்டும் கிளிப் லைட். அதன் கனத்துக்கு மெல்லிய அட்டை அப்படியே மடிகிறது, பக்கம் திருப்பும்போதெல்லாம் கழன்று மார்பில் விழுகிறது. வெளிச்சமோ 6500 கெல்வின், டியூப் லைட் வெள்ளை. வெள்ளை எல்இடி என்பதே நீல எல்இடி சில்லின் மேல் பாஸ்பர் என்கிற, மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசியதுதான், அந்தப் பூச்சைச் சரியாகப் போட்டால் 2700 கெல்வினில் குண்டு பல்பு மாதிரி இதமான மஞ்சள் வெளிச்சம் கிடைக்கும். நீலம் அதிகமான வெளிச்சம் ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சேதி. நீல எல்இடியைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசே கொடுத்தாயிற்று. ஆனால் கடையில் கேட்டால், "வெள்ளைதான் சார் ஓடும்" என்கிறார்கள்.

நானே செய்யலாம் என்று எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற சென்னை ரிச்சி தெருவில் அலைந்தேன். நான்காவது கடையில்தான் 5 மி.மீ. வார்ம் ஒயிட் எல்இடி கிடைத்தது. பழைய கண்ணாடி ஃபிரேமின் இரண்டு காதுக் கம்பிகளிலும் ஒவ்வொன்றாக வைத்துக் கட்டினேன். வெளிச்சம் நடுவில் வட்டமாகக் குவிந்தது, எல்இடியின் முனையை உப்புத்தாளில் தேய்த்ததும் பக்கம் முழுக்கப் பரவிவிட்டது. முதலில் சிஆர்2032 பட்டன் செல் போட்டேன். அது 3 வோல்ட்தான், வெள்ளை எல்இடிக்கே கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும், அதனால் நாலு நாளில் மங்கிவிட்டது. அதைவிட முக்கியம், பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் அது சிக்கிக்கொண்டு இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். அன்றைக்கே அதை வீட்டை விட்டு அகற்றினேன்.

அடுத்தது பவர் பேங்க். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதித்தது. ஆன் செய்து அரைப் பக்கம் படிப்பதற்குள் தானாக அணைகிறது. திரும்ப ஆன் செய்தால் திரும்ப அணைகிறது. வயரைத்தான் மாற்றி மாற்றிப் பற்றவைத்தேன், இரண்டு ராத்திரி வீண். என் விளக்கு இழுப்பது 20 மில்லி ஆம்பியர். அவ்வளவு குறைவாக இழுத்தால், போன் சார்ஜ் ஆகி முடிந்தது என்று பவர் பேங்க் நினைத்து நின்றுவிடுமாம். அதை ஏமாற்ற 47 ஓம் ரெசிஸ்டர் (கரன்ட் எவ்வளவு ஓட வேண்டும் என்று கட்டுப்படுத்தும் சின்னப் பாகம்) ஒன்றைக் குறுக்கே போட்டு 100 மில்லி ஆம்பியரைச் சும்மா எரிக்கச் சொல்கிறார்கள். இருபதுக்காக நூறைச் சூடாக்கி வீணடிக்க வேண்டுமா? குறைந்த கரன்டு இழுத்தால் தானாக அணைந்துவிடும் என்று ஒரு வரி, அட்டைப் பெட்டியில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

கடைசியில் மூன்று பென்சில் பேட்டரி, 4.5 வோல்ட், ஒவ்வொரு எல்இடிக்கும் ஒரு 150 ஓம் ரெசிஸ்டர். பேட்டரிப் பெட்டி தலையணைக்கு அடியில், மெல்லிய வயர் காதோரம், சத்தமே இல்லாத தள்ளு சுவிட்ச். மூன்று வாரமாக எரிகிறது, இன்னும் பேட்டரி மாற்றவில்லை. மனைவி புரண்டுகூடப் படுப்பதில்லை.

இரண்டு எல்இடி, இரண்டு ரெசிஸ்டர், ஒரு சுவிட்ச். இவ்வளவுதான் சாமான். ஆயிரம் லூமன் வெளிச்சம் என்று அட்டையில் போட்டுப் போட்டி போட்டுக்கொண்டு விற்கிறவர்களே, மங்கலாக, மஞ்சளாக, ஒரே தள்ளில் அணைகிற மாதிரி ஒன்றைச் செய்து வையுங்கள். நாளைக்கே வந்து இரண்டாக வாங்கிக்கொள்கிறேன்.